24 மணி நேரமும் ஓடும் சின்ன லேப்டாப்: பேட்டரியை வைத்திருக்கலாமா, கழற்றிவிடலாமா?

வைகைக்கரை (மதுரை)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் ஆசஸ் ஈ பிசி 1005ஹெச்ஏ நெட்புக் ஒன்று சும்மா கிடக்கிறது. 10 அங்குலத் திரை, ஆட்டம் என்270 சிப், 2 ஜிபி ராம், 160 ஜிபி ஹார்டு டிஸ்க். ரூட்டர் பக்கத்தில் வைத்து இரவு பகலாக ஓட விடலாம் என்று யோசிக்கிறேன்.

எனக்கு வேண்டியது மூன்று வேலை. பை-ஹோல் என்ற மென்பொருளைப் போட்டு வீட்டிலுள்ள எல்லா போனிலும் டிவியிலும் விளம்பரத்தைத் தடுக்க வேண்டும். வீட்டில் எல்லாருடைய போன் படங்களும் தானாக ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் வந்து சேர வேண்டும். அப்பாவின் கேனன் எல்பிபி2900 பிரிண்டரை வைஃபை வழியாக எல்லாரும் பயன்படுத்த வேண்டும்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? மாமா, பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டு என்கிறார். அம்மாவுக்கோ ராத்திரி முழுக்க ஓடும் சாமான் தீப்பிடித்துவிடுமோ என்று பயம். பேசாமல் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் போர்டை வாங்கிவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மொட்டைமாடி (சென்னை)

கரண்ட் கணக்கை முதலில் முடித்துவிடலாம். திரை அணைந்து, வேலை ஒன்றும் இல்லாமல் இருக்கும்போது இந்த வகை நெட்புக் 10 வாட் அக்கம்பக்கம் இழுக்கும். 10 வாட்டை 24 மணி நேரம் ஓட்டினால் நாளைக்குக் கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு மாத பில்லில் 14.4 யூனிட். பை போர்டு 4 வாட் என்று வைத்தால் அதே இரண்டு மாதத்துக்கு 5.8 யூனிட் வரும். அந்த எட்டு ஒன்பது யூனிட் வித்தியாசத்துக்காகப் புதிதாக ஒரு போர்டு, அடாப்டர், மெமரி கார்டு எல்லாம் வாங்கினால் போட்ட காசு திரும்ப வெகுகாலம் ஆகும். பழைய டெஸ்க்டாப்பை மட்டும் இந்த வேலைக்கு வைத்துவிடாதீர்கள். அது 60 வாட் இழுத்தால் 86 யூனிட் ஆகிவிடும்.

இன்னொன்று. புதிதாகச் சேரும் யூனிட் எப்போதும் உங்கள் பில்லின் மேல் விலைப்படியில்தான் (ஸ்லாப்) விழும். இலவச யூனிட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போடாமல், உங்கள் வீட்டு ரீடிங் எந்தப் படியின் விளிம்பில் நிற்கிறது என்று இபி அட்டையை எடுத்துப் பாருங்கள்.

நெல்லை டெபியன்

வைகைக்கரை தம்பி, கையில் இருப்பதையே பயன்படுத்துங்கள். ஆனால் ஓஎஸ் விஷயத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. என்270 சிப் 32 பிட் மட்டும்தான். லினக்ஸ் வகைகளில் உபுண்டு 19.10-லேயே 32 பிட்டைக் கைவிட்டுவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-லும் 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரோ கெர்னலோ (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) கிடையாது. அதனால் டெபியன் 12 போடுங்கள். அதன் நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. அப்புறமும் இந்தப் பெட்டி உயிரோடு இருந்தால் ஆல்பைன் லினக்ஸ் இருக்கிறது. நெட்புக்கோடு வந்த விண்டோஸ் எக்ஸ்பியை மட்டும் நெட்வொர்க்கில் விடவே விடாதீர்கள். 2014 ஏப்ரலோடு அதற்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது.

போட்டவுடன் செய்ய வேண்டியவை. மூடியை மூடினாலும் தூங்கிவிடாதபடி லாகின்டி என்ற சேவையின் அமைப்பில் 'லிட் ஸ்விட்ச்' வரியை 'இக்னோர்' என்று மாற்றுங்கள். திரை தானாக அணைய, கெர்னல் வரியில் 'கன்சோல்பிளாங்க்' 60 என்று கொடுங்கள். டெஸ்க்டாப் சூழல் எதுவும் வேண்டாம். வேறு கம்ப்யூட்டரிலிருந்து கட்டளை கொடுக்க எஸ்எஸ்ஹெச் போதும், அதுவும் பாஸ்வேர்டு இல்லாமல் சாவிக் கோப்போடு. பாதுகாப்பு அப்டேட் தானாக ஏறும்படி வைத்துவிடுங்கள்.

பிரிண்டருக்கு இந்த நெட்புக்தான் சரியான ஆள். எல்பிபி2900-க்குக் கேனன் தரும் லினக்ஸ் டிரைவர் இன்டெல் வகை பிசிக்கானது, உள்ளே இருப்பதும் 32 பிட் நிரல்கள். பை போர்டின் ஆர்ம் சிப்பில் அது ஓடாது. உங்கள் பழைய ஆட்டத்தில் ஓடும். இந்தக் காரணத்துக்காகவே பை வாங்கும் எண்ணத்தை விட்டுவிடலாம்.

திருப்பூர் பஞ்சு

மாமா சொல்வதுதான் சரி. பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். எங்கள் பக்கத்து யூனிட்டில் பில்லிங்குக்கு வைத்திருந்த மெல்லிய லேப்டாப் வருடக்கணக்கில் சார்ஜிலேயே இருந்தது. ஒருநாள் டச்பேட் கிளிக் ஆகவில்லை என்று பார்த்தால், பேட்டரி ஊதி அடியிலிருந்து டச்பேடையே தூக்கிவிட்டிருந்தது. வெயில் காலத்தில் ஷெட்டுக்குள் இருக்கும் சூடு வேறு. ராத்திரி ஆள் இல்லாத நேரத்தில் அது வெடித்திருந்தால்? எனக்கு அம்மாவின் பயம் நியாயமாகப் படுகிறது.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

பேட்டரியைக் கழற்றினால் பிறகு லேப்டாப் எதற்கு? 2022 மார்ச் கடைசியில் இலங்கை முழுக்க நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவித்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் ஒழுங்காக நின்றது பழைய லேப்டாப்பில் ஓடிய சேர்வர் மட்டும்தான். கரண்ட் நின்றால் பேட்டரிக்கு மாறும். பேட்டரி 20 சதவீதத்துக்கு இறங்கினால் கோப்புகளை எழுதி முடித்துவிட்டுத் தானாக அணையும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட். டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது சடாரென்று கரண்ட் போவதுதான் தரவுக்குப் பெரிய ஆபத்து. அதற்காகத் தனியாக யுபிஎஸ் வாங்க எல்லாராலும் முடியாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். லேப்டாப் நின்று பிடித்தாலும் ரவுட்டர் அணைந்துவிட்டால் வீட்டு நெட்வொர்க் இல்லை. 12 வோல்ட் மினி யுபிஎஸ் கிடைக்கிறது, ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் அதைப் போடுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

திருப்பூர் பஞ்சு

ஐயா, உங்கள் ஊர் நிலைமை வேறு. இங்கே பாதி வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. லேப்டாப்பை அந்த லைனில் சொருகினால் முடிந்தது.

லித்தியம் (கோவை)

பேட்டரி சர்வீஸ்தான் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் கண்ட பேட்டரிக்குச் சரி. பேசுவது இரண்டு வெவ்வேறு வகை பேட்டரி.

திருப்பூர் நண்பர் பார்த்தது பௌச் செல். மெல்லிய லேப்டாப்களில் அலுமினியத் தாள் உறையில் தட்டையாக வரும். இந்த வகை செல்லை முழு சார்ஜில், 4.2 வோல்ட் அளவில், சூட்டோடு சேர்த்து மாதக்கணக்கில் வைத்தால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வாயு உண்டாகும். உறை மெத்தென்று இருப்பதால் ஊதும். முழு சார்ஜ், சூடு இரண்டும் சேரும்போதுதான் சீக்கிரம் கெடுகிறது. ஒன்றைக் குறைத்தாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

வைகைக்கரையின் நெட்புக்கில் இருப்பது 18650 உருளை செல்கள். எஃகு உறை, அதனால் ஊதாது. உள்ளே அழுத்தம் கூடினால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் தட்டும், அதையும் மீறினால் திறந்துகொள்ளும் வால்வும் ஒவ்வொரு நல்ல செல்லிலும் உண்டு. இந்தப் பேக் சார்ஜிலேயே கிடந்தால் கொள்ளளவு தேய்ந்துகொண்டே போகும், ஒருநாள் பத்து நிமிடம்கூடத் தாங்காமல் போய்விடும். பெரும்பாலும் அதன் முடிவு அதுதான். ஆனால் சந்தையில் 'கம்பேட்டிபிள்' என்ற பெயரில் மலிவாக விற்கும் பேக்குக்கு நான் இந்த உத்தரவாதத்தைத் தர மாட்டேன். உள்ளே எந்த செல், எந்த போர்டு என்று திறந்தால்தான் தெரியும். ஆள் இல்லாத நேரத்தில் ஓடும் பெட்டியில் அதைப் போடாதீர்கள்.

ஆகவே முதலில் உங்கள் பேக் ஒரிஜினலா என்று பாருங்கள். அடுத்து லினக்ஸில் 'யூபவர்' கட்டளை கொடுத்தால் தயாரித்தபோதிருந்த கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் வைத்திருக்கலாம். கால்வாசிக்குக் கீழே போயிருந்தால் கழற்றி இ-கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள், குப்பையில் போடாதீர்கள்.

வேறு யாராவது புதிய லேப்டாப்பை இந்த வேலைக்கு வைப்பதாக இருந்தால், சார்ஜ் உச்சவரம்பு வைக்கும் வசதி உண்டா என்று பார்த்து வாங்குங்கள். திங்க்பேட்களில் இது நெடுநாளாக இருக்கிறது. லினக்ஸில் டிஎல்பி என்ற கருவியில் 60 சதவீதத்தில் நிறுத்து என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆசஸில் சமீப மாடல்களிலும் உண்டு. அப்படி நிறுத்தினால் பேட்டரி சும்மா இருக்கும், லேப்டாப் நேராக அடாப்டரில் ஓடும். மின்வெட்டுக்கும் கைகொடுக்கும்.

அக்னி நட்சத்திரம் (வேலூர்)

அந்த வசதி இல்லாத லேப்டாப்புக்கு ஒரு வழி. ஸ்மார்ட் பிளக்கில் அடாப்டரைச் சொருகி, பேட்டரி 80 ஆனதும் பிளக்கை அணைக்கவும் 40 ஆனதும் போடவும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதலாம். நானும் இதைச் செய்யலாம் என்று இருக்கிறேன்.

லித்தியம் (கோவை)

வேண்டாம் தம்பி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 வாட்-மணி பேட்டரியில் 40 சதவீதம் என்றால் 16 வாட்-மணி. 10 வாட் இழுக்கும் லேப்டாப்புக்கு ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். திரும்ப ஏற ஒரு மணி நேரம். இப்படி ஏறி இறங்கினால் நாளைக்கு மூன்று முழுச் சுற்றுக்கு மேல். சாதாரண லேப்டாப் பேட்டரி 300 முதல் 500 சுற்று வரை தாங்கும் என்று வைத்தால் மூன்று நாலு மாதத்தில் காலி. உச்சவரம்பில் நிறுத்துவது வேறு, இது வேறு. அந்த வசதி இல்லையென்றால் சார்ஜிலேயே விடுங்கள், சூட்டைக் குறைப்பதில் கவனம் வையுங்கள். இல்லையென்றால் கழற்றிவிட்டு இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள்.

அக்னி நட்சத்திரம் (வேலூர்)

புரிந்தது அண்ணா, விட்டுவிடுகிறேன். எங்கள் ஊர் மே மாதத்தில் சூட்டைக் குறைப்பது என்றால் எப்படி?

மொட்டைமாடி (சென்னை)

மர அலமாரிக்குள் அடைக்காதீர்கள். ஃபேன் காற்று இழுக்கும் துளை பெரும்பாலும் அடியில்தான் இருக்கும், அதனால் இரண்டு மரக்கட்டைத் துண்டு வைத்துத் தூக்கி வையுங்கள். கீபோர்டு வழியாகவும் சூடு வெளியேறும், மூடியை முழுக்க மூடாமல் ஓரங்குலம் திறந்து விடுங்கள். நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை ஃபேனைத் திறந்து, ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகடுக்கும் நடுவில் பாருங்கள். வெளியே சுத்தமாகத் தெரியும் லேப்டாப்பில்கூட அந்த இடத்தில் பஞ்சும் தூசும் சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி அடைத்துக்கொண்டிருக்கும். தூரிகையால் தள்ளினால் வராது, இடுக்கியால் மொத்தமாக உரித்து எடுக்க வேண்டும். அதை எடுத்தாலே சூடு நன்றாக இறங்கும். சூட்டைக் காட்டும் 'சென்சார்ஸ்' கட்டளையில் முன்னும் பின்னும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீ பயம் உள்ள அம்மாவுக்கு: பேட்டரியைவிட அடாப்டரைக் கவனியுங்கள். மெத்தை, திரைச்சீலை பக்கத்தில் வேண்டாம். தரையிலோ கடப்பா கல் மேலேயோ இருக்கட்டும். ஒயர் தோல் உரிந்திருந்தாலோ லேப்டாப்பில் சொருகும் முனை சூடானாலோ மாற்றிவிடுங்கள், பிஐஎஸ் முத்திரை இல்லாததை வாங்காதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் இடி இடிக்கும்போது அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். ஃபைபர் இழை வழியாக மின்னல் வராது, ஆனால் கரண்ட் லைன் வழியாகத் தாராளமாக வரும். பேட்டரி இருந்தால் அந்த நேரத்திலும் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும், பனங்கூடல் ஐயா கட்சிக்கு இது ஒரு ஓட்டு.

வைகைக்கரை (மதுரை)

எல்லாருக்கும் மிக்க நன்றி. பேக் ஒரிஜினல்தான். யூபவரில் பாதிக்குச் சற்று மேலே காட்டுகிறது, அதனால் வைத்துக்கொள்கிறேன். டெபியன் 12 ஏறிவிட்டது. ஒரு சத்தம் மட்டும் சந்தேகமாக இருக்கிறது. ராத்திரி அமைதியில் சில விநாடிக்கு ஒருமுறை ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டிக்' என்று கேட்கிறது. டிஸ்க் போகப்போகிறதா?

கம்பிவடம் (திருச்சி)

அவசியம் கவனிக்க வேண்டிய சத்தம் அது. லேப்டாப் டிஸ்க்குகள் மடியில் வைத்துத் தூக்கித் திரிவதற்காகச் செய்யப்பட்டவை. சில விநாடி வேலை இல்லையென்றால் தகவலைப் படித்து எழுதும் ஹெட்டைச் சுழலும் தட்டின் மேலிருந்து எடுத்து ஓரத்தில் உள்ள சரிவில் நிறுத்திவிடும். அடிபட்டாலும் தட்டு தப்பும், கொஞ்சம் பேட்டரியும் மிச்சம். நம் வேலைக்கு இதுதான் கெடுதல். சேர்வரில் லாக் (நடப்புப் பதிவு) எழுதிக்கொண்டே இருக்கும், இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையும் 5 விநாடிக்கு ஒருமுறை டிஸ்க்குக்கு அனுப்பப் பார்க்கும். ஹெட் ஓரம் போய் நிற்கும், உடனே திரும்ப வரும். அந்த 'டிக்' அதுதான்.

'ஸ்மார்ட்சிடிஎல்' கட்டளை கொடுத்து 193 என்ற எண்ணுள்ள வரியைப் பாருங்கள். இதுவரை ஹெட் எத்தனை முறை ஏறி இறங்கியது என்று இருக்கும். பழைய 2.5 அங்குல டிஸ்க்குகளுக்குப் பொதுவாக 300,000 அல்லது 600,000 முறை என்று குறிப்பேட்டில் போட்டிருப்பார்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை என்றாலும் நாளைக்கு 2,880. மூன்றரை மாதத்தில் 300,000 வந்துவிடும். அந்த எண்ணைத் தொட்டவுடன் டிஸ்க் செத்துவிடும் என்று இல்லை. ஆனாலும் ஓரிடத்தில் அசையாமல் இருக்கும் பெட்டிக்கு இந்தத் தேய்மானம் எதற்கு?

'ஹெச்டிபார்ம்' கருவியில் ஏபிஎம் (மின்சேமிப்பு) அளவை 254 என்று வையுங்கள், 'டிக்' நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் 255. ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் இது திரும்ப அமலாகும்படி அதன் அமைப்புக் கோப்பில் எழுதிவிடுங்கள். காசு இருந்தால் 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள், இந்தப் பிரச்சினையே இருக்காது, சூடும் குறையும்.

படங்களுக்கான யூஎஸ்பி டிஸ்க்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெட்புக்கின் யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரக் கடமைப்பட்டது. போர்ட்டபிள் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதைவிட அதிகம் கேட்கலாம். தனி அடாப்டர் உள்ள ஹப் போடுங்கள். நெட்வொர்க் துளை 100 மெகாபிட், விநாடிக்கு 11 மெகாபைட் வரும். முதல்முறை 50 ஜிபி ஏற ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், அப்புறம் தினசரி ஏறுவது தெரியவே தெரியாது.

செம்பருத்தி (சேலம்)

படங்களுக்கு சிங்க்திங் என்ற மென்பொருளைப் போடப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. அது ஒத்திசைவுதான், பேக்கப் ஆகாது. போனில் படத்தை அழித்தால் டிஸ்க்கிலும் அழிந்துவிடும். நெட்புக் பக்கம் அந்த ஃபோல்டருக்கு 'ஃபைல் வெர்ஷனிங்' போட்டுவிடுங்கள், அழித்தவை தனியாகச் சேரும். அதற்கு மேல் மாதம் ஒருமுறை இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து அதைப் பீரோவில் வையுங்கள். ஒரே டிஸ்க்கில் மட்டும் இருக்கும் குழந்தைப் படங்களை நான் பாதுகாப்பாக இருப்பதாகவே கணக்கில் வைப்பதில்லை.

பை-ஹோலிலும் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றிக் கொடுப்பது டிஎன்எஸ். ரூட்டரில் முதல் டிஎன்எஸ் பை-ஹோல், இரண்டாவது கூகுளின் 8.8.8.8 என்று போடுவார்கள். முதலாவது செத்தால்தான் இரண்டாவது வேலை செய்யும் என்பது பலரின் எண்ணம். போன்கள் இரண்டையும் இஷ்டப்படி கேட்கும், விளம்பரம் ஓட்டை வழியாக வந்துகொண்டே இருக்கும். பை-ஹோல் முகவரி மட்டும் கொடுங்கள். ரூட்டர் டிஎன்எஸ்ஸை மாற்றவே விடவில்லையென்றால் அதன் டிஹெச்சிபியை (போன்களுக்கு ஐபி எண் கொடுக்கும் வேலை) அணைத்துவிட்டு பை-ஹோலில் உள்ள டிஹெச்சிபியைப் போடலாம். அப்படிச் செய்தால் நெட்புக் நின்றதும் வீட்டில் யாருக்கும் நெட் வராது. ரூட்டரில் எதைத் திரும்ப மாற்ற வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ரூட்டர் மேலேயே ஒட்டிவையுங்கள், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அப்பா பார்த்துச் செய்ய முடியும்.

முத்துநகர்

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என்னிடம் இருப்பது +2 படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப். பாஸ் லினக்ஸோடு வந்தது. இதையும் இப்படி வைக்கலாமா? ஹாஸ்டலில் இருந்துகொண்டு வீட்டுப் பெட்டியைத் தொடவும் வேண்டும். வெளியிலிருந்து வருவதைப் பெட்டிக்குத் திருப்பிவிட ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டு போட்டேன், ஆனால் இணைப்பு வரவில்லை.

நெல்லை டெபியன்

தாராளமாக வைக்கலாம். 2011-ல் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து கொடுத்த லேப்டாப்கள் எத்தனையோ வீட்டில் பரணில் கிடக்கின்றன. உங்களுடையது 64 பிட் சிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம், 'எல்எஸ்சிபியு' கொடுத்துப் பாருங்கள். 64 பிட் என்றால் டெபியன் 13 போடலாம். பாஸும் டெபியன் வழியில் வந்ததுதான், கட்டளைகள் பழக்கமாகத்தான் இருக்கும்.

வெளியிலிருந்து வராததற்கு, உங்கள் ரூட்டரின் வேன் (WAN) முகவரியை, அதாவது அதன் வெளிப்பக்க ஐபி எண்ணைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். அங்கே உங்கள் போர்ட் ஃபார்வர்டு எடுபடாது. டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருளைப் போடுங்கள், இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே போய்ச் சந்தித்துக்கொள்ளும், போர்ட் எதையும் திறக்க வேண்டாம். அது வயர்கார்டு என்ற விபிஎன் முறையின் மேல் கட்டியது. வயர்கார்டின் சாசா20 குறியாக்கத்துக்கு சிப்பில் ஏஇஎஸ் குறியாக்கத்துக்கான தனி வன்பொருள் தேவையில்லை, அதனால் பழைய சிப்பிலும் இலகுவாக ஓடும். எஸ்எஸ்ஹெச்சை நேராக இணையத்துக்குத் திறந்து வைப்பதை மட்டும் யாரும் செய்யாதீர்கள்.

வைகைக்கரை (மதுரை)

254 வைத்ததும் 'டிக்' நின்றுவிட்டது, கம்பிவடம் அண்ணாவுக்கு நன்றி. பிரிண்டரும் ஓடுகிறது. புதிதாக ஒன்று: பெட்டியை முழுக்க அணைத்து, பேட்டரியையும் கழற்றித் தூசு எடுத்துவிட்டுப் போட்டால் பயாஸில் 2009 என்று தேதி காட்டுகிறது. பை-ஹோலில் டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில் உண்மையானதா என்று கையெழுத்தைச் சரிபார்ப்பது) போட்டிருக்கிறேன். அதற்குப் பாதிப்பு வருமா?

கம்பிவடம் (திருச்சி)

மதர்போர்டில் உள்ள சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டது. டிஎன்எஸ்செக் கையெழுத்துகளுக்குத் தொடங்கும் தேதியும் காலாவதித் தேதியும் உண்டு, கடிகாரம் 2009-ல் இருந்தால் எல்லாமே தப்பு என்று தள்ளிவிடும். சரியான நேரத்தை வாங்க டைம் சேர்வரின் பெயரைத் தேட வேண்டும், அந்தப் பெயர் டிஎன்எஸ் வழியாகத்தான் கிடைக்கும், அதுவோ நேரம் சரியில்லை என்று மறுக்கும். டெபியனில் நேரத்தைச் சரிசெய்யும் 'டைம்சிங்க்டி' கடைசியாகத் தெரிந்த நேரத்தைக் கோப்பில் எழுதி வைத்து பூட் ஆகும்போது அங்கிருந்து தொடங்கும், அதனால் சில மணி நேரம் அணைந்திருந்தால் சமாளித்துவிடும். ஒரு மாதம் அணைத்து வைத்தால் மாட்டிக்கொள்ளும்.

இரண்டு வேலை செய்யுங்கள். டைம்சிங்க்டி அமைப்பில் பெயருக்குப் பதிலாக ஒரு டைம் சேர்வரின் ஐபி எண்ணைக் கொடுங்கள். அடுத்தமுறை திறக்கும்போது அந்த சின்ன பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். லேப்டாப்களில் பெரும்பாலும் அது ஒயரும் பிளக்கும் வைத்து உறை போட்டு வரும், கடையில் பழையதைக் காட்டி அதே பிளக் உள்ளதை வாங்குங்கள்.